மிண்டா மடத்து வசனம்

உதியன்குளங்கரை
14 செப்டம்பர் 2024

என் செல்லத் தங்கச்சி ரோசிலிக்கு,

அக்கா மேரிக்குட்டி எழுதுவது. உறைமேல் சகோதரி மரிய சாந்தா என்று உன் மடத்துப் பெயரை எழுதினாலும், எனக்கு நீ ரோசிலிதான். இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. நானும் டெல்னாவும் சுகம். உன் முட்டுவலி எப்படி இருக்கிறது? போன தடவை அனுப்பிய தைலத்தை நீ போட்டாயா, இல்லை அதையும் யாராவது வயசான சிஸ்டருக்குத் தானம் கொடுத்துவிட்டாயா?

ஒரு விசேஷம் சொல்கிறேன், உட்கார்ந்து படி. எனக்கு ஒரு மலையாளப் படத்தில் பெரிய வேஷம் கிடைத்திருக்கிறது. வழக்கம்போல டீ கொண்டுவைக்கிற வேலைக்காரியும் இல்லை, பிணத்தின் தலைமாட்டில் இருந்து அலறுகிற பக்கத்து வீட்டுக்காரியும் இல்லை. தொடக்கத்திலிருந்து கடைசி வரை நான்தான். சர்ச் திருநாள் மேடைகளிலும் அம்பலத்து உற்சவங்களிலும் தொண்டை கிழிய நாடகம் போட்டேனே, அப்போது ஒரு பயலும் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது ஐம்பத்தெட்டு வயசில், பல்லும் ஆடத் தொடங்கியபிறகு கூப்பிடுகிறார்கள். டைரக்டர் அனூஜ் என்று ஒரு கொச்சிக்காரப் பையன். நம் எல்லைப் பேச்சு, தமிழா மலையாளமா என்று நமக்கே நிச்சயமில்லாத அந்தப் பேச்சு, அப்படியே வேண்டுமாம்.

வேஷம் என்ன என்று கேட்டால் நீ சிரிப்பாய். மிண்டா மடத்துக் கன்னியாஸ்திரி. உன் மடத்தை ஊரில் அப்படித்தானே சொல்கிறோம், யாரும் வாய்திறந்து மிண்டாத, யாரும் வெளியே வராத மடம் என்று. அப்படி ஒரு மடத்தில் முப்பது வருடம் இருந்தவள் கண் ஆபரேஷனுக்காக வெளியே வந்து, சில நாள் அண்ணன் வீட்டில் தங்குகிறாள். அவ்வளவுதான் கதை.

என் கூடப்பிறந்தவள் அங்கே இருக்கிறாள் என்று நான் அனூஜிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் கேமராவைத் தூக்கிக்கொண்டு உன் வாசலுக்கு வந்துவிடுவான். ஆனால் நீ எனக்கு உதவ வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை கம்பிக் கிராதிக்குப் பின்னால் உன் முகத்தைப் பார்க்கிறேன், அவ்வளவுதான். நீ மடத்துக்குப் போனபிறகு நடந்து நான் பார்த்ததே இல்லை. எப்படி நடப்பீர்கள்? கையை எங்கே வைப்பீர்கள்? எப்படிச் சாப்பிடுவீர்கள்? விவரமாக எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
மேரிக்குட்டி

&nbsp;

மடம்
5 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. நான் சுகம். நீயும் மகள் டெல்னாவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். தைலத்தை வியாகுலம் சிஸ்டருக்குக் கொடுத்துவிட்டேன். உனக்கு எப்படித்தான் தெரிகிறதோ.

உன் கடிதத்தை மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் நின்று படித்தேன். படித்து முடித்ததும் மாட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், வேறு யாரும் பக்கத்தில் இல்லை. சகாயதாஸ் அத்தான் கடலோடு போனபிறகு நீ அந்த நாடக வண்டியில் டெல்னாவை மடியில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக அலைந்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. உனக்கு ஒரு நல்ல நாள் வரவேண்டும் என்று எத்தனை வருடமாகக் கேட்டிருப்பேன்!

நீ கேட்டவை. நாங்கள் நடுவில் நடப்பதில்லை, சுவரை ஒட்டி நடப்போம். கைகள் அங்கியின் அகலமான கைக்குள் எதிரெதிராக நுழைந்திருக்கும். கதவைச் சாத்தும்போது பிடியைத் திருகி, சத்தம் வராமல் பொருத்தி, பிறகுதான் கையை எடுப்போம். சாப்பிடும்போது ஒருத்தி புத்தகம் வாசிப்பாள், மற்றவர்கள் பேசாமல் சாப்பிடுவோம். உப்பு வேண்டும் என்றால் விரலால் மேசையைத் தட்ட வேண்டும். நான் இங்கே செய்வது ஓஸ்தி வேலை. பூசைக்கான அப்பத்தை வட்டமாக வெட்டியபிறகு மிச்சம் விழும் துண்டுகளைத் தின்போம், மொறுமொறுவென்று நன்றாக இருக்கும்.

ஒன்று மட்டும் மறக்காதே. தினமும் ஒரு மணி நேரம் எங்களுக்குப் பேச அனுமதி உண்டு. அந்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் சிரிக்கிற சிரிப்பு உன் நாடகக் கூட்டத்தில்கூட இருக்காது. எங்களை அழுமூஞ்சிகளாக நடித்துவிடாதே.

எழுதத் தயங்காதே. மதர் உறையைக் கிழித்துத்தான் தருவார்கள், ஆனால் உள்ளே படிப்பதில்லை.

இயேசுவுக்குள் உன்
ரோசிலி

&nbsp;

உதியன்குளங்கரை
4 நவம்பர் 2024

மக்கா ரோசிலி,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. எனக்கு லேசாகச் சளி, டெல்னாவுக்கு நெய்யாற்றின்கரை துணிக்கடையில் ஓணத்துக்குப் பிறகும் ஓயாத வேலை. மற்றபடி சுகம். நீ எப்படி இருக்கிறாய்?

நீ சொன்னபடி சுவரை ஒட்டி நடந்தேன், கதவைச் சாத்தினேன். கூட இருந்தவர்கள் எல்லாம் அசந்துபோனார்கள். கதவு சாத்துவதைப் பார்த்து அசிஸ்டன்ட் பெண் ஜின்சி கைதட்டினாள். ஆனால் அனூஜ் மட்டும் தாடியைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சேச்சி, நடப்பொக்கெ சரி. உள்ளில் ஆளில்ல" என்றான்.

நடப்பதெல்லாம் சரியாம், உள்ளே ஆளில்லையாம். திருவனந்தபுரத்தில் ஒரு பேர்பெற்ற நடிகையிடமும் பேசி வைத்திருக்கிறார்களாம். ஜனவரி ஒத்திகைக்குள் சரியாகவில்லை என்றால் ஆளை மாற்றிவிடுவார்கள். இதையும் விட்டால் எனக்கு இன்னொன்று வராது மக்கா. மறுபடியும் டீத் தட்டை ஏந்திக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அதனால் கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. உள்ளே என்ன நடக்கும்? முழங்காலில் நிற்கிறபோது என்ன நினைப்பாய்? செபம் வராத நாளில் நீ என்ன செய்வாய்?

சீக்கிரம் எழுது. டிசம்பர் பிறந்தால் கிறிஸ்துமஸ் வரைக்கும் உன் வாய்க்குப் பூட்டு. சாம்பல் புதன் வந்தால் ஈஸ்டர் வரைக்கும் அடுத்த பூட்டு. கடிதம் போகவும் கூடாது, வந்ததைக் கொடுக்கவும் கூடாது. நீ போன நாளிலிருந்து இந்தக் கணக்கைப் பார்த்துத்தானே உனக்கு எழுதுகிறேன். டெல்னாவின் காலண்டரில் புது வருடம் வந்ததும் நான் முதலில் வட்டம் போடுவது சாம்பல் புதனுக்குத்தான்.

உன் அக்கா
மேரிக்குட்டி

&nbsp;

மடம்
24 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. நான் சுகம். உன் சளி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். வரும் ஞாயிறு திருவருகைக்காலம் தொடங்குகிறது. அதற்குள் எழுதிவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

நீ கேட்டதை இதுவரை யாருமே என்னிடம் கேட்டதில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்க வரும் சாமியார்கூடக் கேட்டதில்லை. செபம் எப்படி என்று கேட்பார், நன்றாக இருக்கிறது என்று சொல்வேன், போய்விடுவார்.

பொழியூர் கடற்கரையில் நாம் ஒளிந்து விளையாடினோமே. ஒருநாள் கரையில் கவிழ்த்து வைத்திருந்த வள்ளத்துக்கு அடியில் நான் போய்ப் படுத்துக்கொண்டேன். நீங்கள் எல்லோரும் விளையாட்டை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அது தெரியாது. ஒருத்தராலும் என்னைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று இருட்டுக்குள் பெருமையாகப் படுத்திருந்தேன்.

அக்கா, அந்த வள்ளத்துக்கு அடியில்தான் நான் இப்போதும் இருக்கிறேன். மடத்துக்கு வந்த புதிதில் ஆண்டவர் என்னைத் தேடுகிற காலடிச் சத்தம் கேட்டது. நிஜமாகவே கேட்டது. பிறகு எப்போதோ நின்றுவிட்டது. வருடங்கள் ஆகிவிட்டன. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இந்த வயசில் நான் எங்கே போவேன்? சுற்றிலும் எல்லோரும் கண்ணை மூடி நெஞ்சு நிறைந்து இருக்கும்போது நானும் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறேன். நடிப்பு உனக்கு மட்டும்தான் வரும் என்று நினைக்காதே.

விடியற்காலை செபத்தில் நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். அதுவும் புத்தகத் தமிழில் வரவில்லை, நம் வீட்டுப் பேச்சில்தான் வருகிறது. "நீரு இல்லேன்னா, இல்லேன்னு வந்து ஒரு வாக்கு சொல்லிட்டுப் போரும்." எனக்கென்று மிச்சம் இருக்கும் செபம் இவ்வளவுதான். அதையாவது விடாமல் சொல்கிறேன். ஒருநாள் இதுவும் நின்றுவிடுமோ என்றுதான் பயம்.

படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு. வேஷத்துக்கு இது உதவாது, ஆனாலும் நீ கேட்டாய், நான் உன்னிடம் பொய் சொன்னதில்லை.

உன்
ரோசிலி

&nbsp;

மடம்
11 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். நான் சுகம், உங்கள் சுகத்தை எழுதவும்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் மதர் கடிதக் கட்டைப் பிரித்துக் கொடுத்தார்கள். உன்னிடமிருந்து நட்சத்திரம் ஒட்டிய கார்டு ஒன்று இருந்தது. ஹேப்பி கிறிஸ்துமஸ் என்பதைத் தவிர அதில் ஒரு வரியும் இல்லை. நான் கடைசியாக எழுதியது கிடைத்ததா? உன்னைப் பயமுறுத்திவிட்டேனா? பதில் சொல்ல வேண்டும் என்று உனக்குக் கட்டாயம் இல்லை. கிடைத்தது என்று மட்டும் எழுது.

ஒன்று சொல்ல வேண்டும். அதை எழுதியபிறகு எனக்குக் கொஞ்சம் இலேசாக இருக்கிறது. உலகத்தில் ஒருத்திக்காவது தெரியும் என்று நினைத்துக்கொண்டு முழங்காலில் நிற்கிறேன். அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்கு இதுவரை தெரியாது.

உன்
ரோசிலி

&nbsp;

உதியன்குளங்கரை
12 பிப்ரவரி 2025

என் மக்கா ரோசிலி,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. நாங்கள் சுகம். உன் கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. பதில் எழுதாததற்கும், ஒத்திகைக்கு நடுவே இந்த வருடச் சந்திப்பு நாளுக்கு வராததற்கும் மன்னிக்க வேண்டும். அந்த நவம்பர் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. நீ சொன்னபடி அடுப்பில் போட்டுவிட்டேன். ஆனால் அதற்குள் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. நாடகக்காரி புத்தி, என்ன செய்ய?

இப்போது நான் சொல்வதைப் பொறுமையாகப் படி. ஜனவரி ஒத்திகையில் அனூஜ் என்னை முழங்காலில் நிற்கவைத்து, வசனம் இல்லை, மனசில் வருவதைச் சொல்லுங்கள் என்றான். வாயைத் திறந்தேன். உன் வரிதான் வந்தது. நான் யோசித்துச் சொல்லவில்லை. சொல்லி முடித்தபோது ஜின்சி அழுதுகொண்டிருந்தாள். அனூஜ் என் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டான். இதுதான் படம், இனி வேறு ஆள் வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டான். அந்த வரியைக் கதையின் நடுவில் எழுதி வைத்துவிட்டார்கள்.

டெல்னாவிடம் சொன்னேன். அவள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "அம்மா, அது சித்திக்க சாதனமாக்கும். நமக்க இல்ல" என்றாள். சித்தியுடைய பொருளாம், நம்முடையது இல்லையாம். அவளுக்கு எப்போதும் என் தொழில்மேல் ஒரு கசப்பு உண்டு, உனக்குத் தெரியும்.

ஆனாலும் உன்னைக் கேட்காமல் செய்யக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். உன் பெயரோ மடத்தின் பெயரோ எங்கும் வராது. நீ வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுதினால் நான் அனூஜிடம் பேசிவிடுகிறேன், எது போனாலும் போகட்டும். அந்த சீனை மார்ச் பதினெட்டாம் தேதி எடுக்கிறார்கள். அதற்குள் உன் பதில் வராவிட்டால் உனக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உன் அக்கா
மேரிக்குட்டி

&nbsp;

மடம்
22 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்ப்புப் பெருநாள் வாழ்த்துகள். நான் சுகம். நீயும் டெல்னாவும் சுகம் என்று நம்புகிறேன்.

உன் பிப்ரவரிக் கடிதத்தை நேற்று, ஈஸ்டர் திங்கட்கிழமை, மதர் கொடுத்தார்கள். சாம்பல் புதன் அன்று வந்ததாம். மற்றக் கடிதங்களோடு சேர்த்து மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். உள்ளே நீ இட்ட தேதி பிப்ரவரி பன்னிரண்டு. உறையின் மேலே தபால் முத்திரை மார்ச் ஒன்று. நான் அதைப் பற்றி உன்னிடம் எதுவும் கேட்கவில்லை.

நீ ஒரு வார்த்தை எழுதச் சொன்னாய். வேண்டாம், அக்கா. உன் மார்ச் பதினெட்டு முடிந்துபோயிற்று என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன், வேண்டாம்.

என் மானத்துக்காகச் சொல்லவில்லை. யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நீ எழுதியதை நம்புகிறேன். அது மற்றவர்கள் கேட்பதற்குச் சொன்னது இல்லை. கேட்க வேண்டியவர் ஒருவர், அவரும் கேட்கிறாரா என்று தெரியாமல் சொல்வது. உனக்கு எழுதியதே அதிகம் என்று இப்போது நினைக்கிறேன்.

படம் எடுத்தபிறகும் வெட்டுவதும் ஒட்டுவதும் உண்டு என்று நீதான் ஒருமுறை சொன்னாய். என் பங்குக்கு உன்னிடம் நான் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடச் சொல். உன் வேஷம் அப்படியே இருக்கட்டும்.

உன்
ரோசிலி

&nbsp;

உதியன்குளங்கரை
19 மே 2025

மக்கா ரோசிலி,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. இங்கே சுகம் என்றுதான் எழுத வேண்டும். நீ சுகமா?

உன் கடிதம் கிடைத்த வாரத்தில் டப்பிங்குக்காக என்னைத் திருவனந்தபுரத்துக்குக் கூப்பிட்டார்கள். அனூஜிடம் சொல்லிவிடுவது என்ற தீர்மானத்தோடுதான் பஸ் ஏறினேன். வழி முழுக்க எப்படிச் சொல்ல வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அந்தக் கண்ணாடி அறைக்குள் நிற்கவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, முதலில் அந்த சீனைத்தான் ஓட்டினார்கள். ஒரு சுவர் முழுக்க என் முகம். என் சுருக்கம், என் மூக்கு, அப்பனுடைய அதே தாடை. நான் இதுவரை எந்தப் படத்திலும் என் முழு முகத்தைப் பார்த்ததில்லை, ரோசிலி. ஒரு தோள், ஒரு கை, கூட்டத்தில் பாதித் தலை, இவ்வளவுதான் என் பிழைப்பு. அந்த முகம் வாயைத் திறந்து உன் வரியைச் சொன்னது. அது பொய்யாக இல்லை. நான் சத்தியமாகச் சொல்கிறேன், அது பொய்யாக இல்லை.

அந்த வரியை எடுத்துவிட்டால் அந்த சீன் இல்லை, அந்த சீன் இல்லை என்றால் நான் இல்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை. டப்பிங் பேசிவிட்டு வந்துவிட்டேன்.

டெல்னா என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உனக்கு எழுதிய கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டவள் அவள்தான். நான் எப்போது எழுதினேன், எப்போது அவள் கையில் கொடுத்தேன் என்பது அவளுக்குத் தெரியும். அவளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

என்மேல் கோபமாக இரு. ஆனால் எழுது.

உன் அக்கா
மேரிக்குட்டி

&nbsp;

உதியன்குளங்கரை
20 செப்டம்பர் 2025

என் தங்கச்சி ரோசிலிக்கு,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. நாங்கள் சுகம். மே மாதக் கடிதத்துக்கும் பதில் இல்லை, ஜூலையில் எழுதியதற்கும் இல்லை. இப்போது நோன்பும் இல்லை, உன் வாய்க்குப் பூட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். உடம்புக்கு ஏதாவது என்றால் மதரிடம் சொல்லி ஒரு வரி எழுதச் சொல்.

படம் வந்து ஒரு மாதம் ஆகிறது. நன்றாக ஓடுகிறது. நன்றாக என்றால் நினைத்துப் பார்க்க முடியாதபடி. பனச்சமூடு சந்தையில் மீன் வாங்கப் போனால் மீன்காரிகள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார்கள். ஒரு பெரிய விருது வரும் என்று பேச்சு. அடுத்து மூன்று படங்களுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கென்று தனி வண்டி, தனி நாற்காலி.

எங்கே போனாலும் அந்த வரியைச் சொல்லச் சொல்கிறார்கள். கல்லூரி விழாவில், வங்கி திறப்பில், ஒரு கல்யாண வீட்டில்கூட. பிள்ளைகள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அதைச் சொல்லி ரீல்ஸ் எடுக்கிறார்கள். இங்கே ஜங்ஷனில் ஒரு மொபைல் கடைக்காரன், இந்த விலைக்கு வேறு எங்காவது போன் உண்டா, இல்லேன்னா இல்லேன்னு வந்து சொல்லிட்டுப் போரும் என்று பேனர் கட்டியிருக்கிறான். நான் அந்தப் பக்கமாக நடப்பதை விட்டுவிட்டேன்.

இந்த வசனம் எங்கே கிடைத்தது என்று பேட்டிக்காரர்கள் கேட்கிறார்கள். ஒத்திகையில் தானாக வந்தது என்று சொல்கிறேன். உன் பெயரைச் சொல்ல முடியாது அல்லவா? வேறு என்ன சொல்வேன்? பொழியூர் கடலில் பிறந்தவளுக்கு உள்ளே இப்படி ஒரு ஆழம் உண்டு என்று ஒருத்தன் எழுதியிருக்கிறான். அதை வெட்டி வைத்திருக்கிறேன். எதற்கு என்று தெரியவில்லை, உனக்கு அனுப்பவும் முடியாது.

எழுது, மக்கா.

அக்கா
மேரிக்குட்டி

&nbsp;

மடம்
19 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. நான் சுகம். நீயும் டெல்னாவும் சுகமாக இருப்பீர்கள். உன் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன.

கோபத்தில் எழுதாமல் இருக்கவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இப்போது நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

போன வாரம் சந்திப்பு அறையில் ஒரு பெண் வந்திருந்தாள். குழந்தையைப் பறிகொடுத்தவள். இங்கே அப்படிப் பலர் வருவார்கள், கிராதிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அழுவார்கள், நாங்கள் கேட்டுக்கொண்டிருப்போம். இவள் அழவில்லை. சிஸ்டர், நான் கோயிலுக்குப் போவதை நிறுத்தியிருந்தேன், ஒரு படத்தில் உங்களைப் போல ஒரு கன்னியாஸ்திரி ஒரு வார்த்தை சொன்னாள், அதிலிருந்து நானும் தினமும் அதைத்தான் சொல்கிறேன் என்றாள். சொல்லியும் காட்டினாள். நம் ஊர்க்காரி இல்லை, ஆனாலும் நம் பேச்சிலேயே சொன்னாள். எந்த இடத்தில் மூச்சை நிறுத்துவது, எங்கே குரலை இறக்குவது என்று எல்லாம் நீ. உன் குரல் எனக்குத் தெரியாதா?

அவளுக்கு ஆறுதல் கிடைத்திருக்கிறது. அது பெரிய காரியம்தான், உனக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஒருவேளை அது என்னைவிட அவளுக்குத்தான் தேவைப்பட்டதோ என்னவோ.

மறுநாள் விடியற்காலை முழங்காலில் நின்று வாயைத் திறந்தேன். நீ மூச்சை நிறுத்துகிற இடத்தில் என் மூச்சும் நின்றது. யாரோ எழுதிக் கொடுத்த வசனத்தை ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. பாதியில் விட்டுவிட்டேன். அடுத்த நாளும் அப்படித்தான். இப்போது அதைச் சொல்வதில்லை. அதற்குப் பதிலாகச் சொல்ல வேறு ஒன்றும் என்னிடம் இல்லை. சும்மா முழங்காலில் இருக்கிறேன், மணி அடித்ததும் எழுந்து ஓஸ்தி வெட்டப் போகிறேன்.

இருக்கிறாரா என்று தெரியாத ஒருவரிடம் பேசுவதற்கு எனக்கு ஒரு வாக்கியம் இருந்தது, அக்கா. அது போய்விட்டது.

உன்
ரோசிலி

&nbsp;

உதியன்குளங்கரை
8 நவம்பர் 2025

என் ரோசிலி, என் மக்கா,

சுகமா என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தை டெல்னாவைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தேன். அவள் வாங்க மறுத்துவிட்டாள். இனி சித்தி எழுதுவதை யாரிடமும் காட்டாதே என்று மட்டும் சொன்னாள். நான் குளித்து, கதவைச் சாத்திக்கொண்டு, உனக்காக முழங்காலில் நின்று பார்த்தேன். வாயில் அந்த வரிதான் வந்தது. சொல்லும்போதே வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று என் கண் தேடியது. எழுந்துவிட்டேன்.

விருது கிடைத்துவிட்டது. மேடையில் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். வீட்டில் அதை வைக்க இடம் பார்த்து அலமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். அடுத்த படத்திலும் கன்னியாஸ்திரி வேஷம்தான். அட்வான்ஸ் வாங்கியாயிற்று.

என்னை ஒருமுறை வாய் நிறையத் திட்டு. கடற்கரையில் சண்டை போடும்போது திட்டுவாயே, அந்த மாதிரி. நீ எதை எழுதினாலும் நான் வாங்கிக்கொள்வேன். அடுப்பில் போடு என்றால் படிக்காமலே போடுகிறேன். பிப்ரவரியில் சந்திப்பு நாளுக்கு நான் வருகிறேன். கிராதிக்கு முன்னால் வந்து உட்காருகிறேன், நீ பேச வேண்டாம், சும்மா எதிரே இரு. உன்னைத் தவிர எனக்கு யார் உண்டு?

திருவருகைக்காலம் தொடங்க இன்னும் நாள் இருக்கிறது. இதை எழுதி முடித்ததும் நானே போய்ப் பெட்டியில் போடுகிறேன்.

உன் அக்கா
மேரிக்குட்டி

&nbsp;

மடம்
7 ஜனவரி 2026

அன்புள்ள அக்கா மேரிக்குட்டி அவர்களுக்கு,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. நாங்கள் அனைவரும் நலம். தாங்களும் மகள் டெல்னாவும் நலமாக இருக்க இறைவனை மன்றாடுகிறோம்.

தங்கள் கடிதமும் கிறிஸ்துமஸ் கார்டும் கிடைத்தன. மிக்க நன்றி. தாங்கள் விருது பெற்ற செய்தி அறிந்து மகிழ்ச்சி. இங்கே இந்த வருடம் பனி அதிகம். பசு கன்று ஈன்றிருக்கிறது. ஓஸ்தி வேலை வழக்கம்போல நடக்கிறது. முட்டுவலி பரவாயில்லை. தங்கள் உடல்நலத்தையும் கவனித்துக்கொள்ளவும்.

பிப்ரவரி சந்திப்பு நாளுக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். சந்திப்பு அறை காலை பத்து மணிக்குத் திறக்கும். அன்று எந்தச் சகோதரிக்கு முறையோ அவர் வந்து பேசுவார். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு மதியம் கஞ்சி உண்டு.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

கிறிஸ்துவுக்குள்
சகோதரி மரிய சாந்தா